கரடிக்கு ஓர் உறி

குழந்தையோடு பிரயாணம் என்றால் நமக்கு என்னவெல்லாம் ஞாபகம் வரும்? ரயில், ஜன்னலோர இடம், எலுமிச்சம்பழ சாதம், கூஜாவில் தண்ணீர். பிரயாணத்தின் மறுகோடியில் ஒரு சித்தி வீடோ, பெரியப்பா வீடோ இருக்கும். யாராவது ஒருவர் காப்பியோடு காத்திருப்பார்.

நான் சொல்லப் போகிற பிரயாணத்தின் மறுகோடியில் காத்திருக்க ஒருவரும் இல்லை. ஒரு கரடி வேண்டுமானால் காத்திருக்கலாம். கடை இல்லை, விளக்கு இல்லை, குழாய் இல்லை. இருப்பது ஏரி, மரம், வானம் இவ்வளவுதான். அங்கே போவதற்குச் சாலையும் கிடையாது. ஓடத்தில்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு எட்டு வயதுப் பெண் குழந்தையை அழைத்துக்கொண்டு போக நாங்கள் எப்படி ஏற்பாடு செய்தோம் என்பதைத்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன்.

“பைத்தியமா இவர்களுக்கு?” என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கேளுங்கள். கேள்வி கேட்பவர்கள் இல்லாமல் இந்தப் பிரயாணம் நடந்திருக்காது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எந்தக் காடு, எந்த ஓடம்?

நாங்கள் கனடாவில் டொராண்டோ நகரில் குடியிருப்பவர்கள். அங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாகப் போனால் அல்கொன்குவின் என்ற வனப் பூங்கா வருகிறது. பூங்கா என்றதும் மல்லிகைப் பந்தலையும் சிமெண்ட் பெஞ்சையும் நினைத்துவிடாதீர்கள். 1893-ல் ஏற்படுத்திய இந்தப் ‘பூங்கா’வின் பரப்பு சுமார் 7,600 சதுர கிலோ மீட்டர். நம்முடைய நீலகிரி ஜில்லாவைப் போல மூன்று பங்கு! அதற்குள் ஏரிகள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல்.

இந்த ஏரிகளில் போகும் ஓடத்துக்குக் ‘கனூ’ என்று பெயர். கரீபியத் தீவு மக்களின் சொல் அது. ஸ்பானியர் வாய் வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. நம்முடைய கட்டுமரம் ஆங்கிலத்தில் ‘காட்டமரான்’ ஆனதில்லையா? அது மாதிரி. இந்தக் காடுகளின் பூர்வ குடிகள் பூர்ச்ச மரப்பட்டையை உரித்து, தேவதாரு வகை மரத்தில் விலா எலும்பு போல் சட்டம் வைத்து, வேர் நாரால் தைத்து, மரப்பிசினால் பூசி இதைச் செய்தார்கள். இப்போது செயற்கை நாரில் செய்கிறார்கள். ஐந்து மீட்டர் நீளமுள்ள ஓடம் இருபது கிலோவுக்குள் அடங்கிவிடுகிறது.

எடையைப் பற்றி நமக்கு என்ன கவலை என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் நடுவே தரை வந்துவிடும். அப்போது ஓடத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்க வேண்டும். ஓடத்தின் நடுவிலே அதற்கென்றே மாட்டு வண்டியில் இருப்பதைப் போல ஒரு நுகத்தடி உண்டு. ஓட சவாரி என்று நினைத்துப் போகிறவர்கள் மேல் ஓடம் சவாரி செய்யும் இடம் அது!

நோட்டுப் புத்தகம்

2024 மார்ச் மாதம் இந்தப் பேச்சு வீட்டில் எழுந்தது. காட்டுக்குள்ளே தங்கும் இடத்துக்கு ஐந்து மாதம் முன்னாலேயே பதிவு செய்யலாம். ஆகஸ்ட் என்றால் மார்ச்சில் தீர்மானம் ஆக வேண்டும்.

எங்களோடு இருப்பவர் என் கணவரின் தாயார். அத்தைக்கு ஊர் முசிறி. அகண்ட காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, ஓர் ஆடி மாதத்தில், ஏழு வயதுத் தம்பி படித்துறையில் வழுக்கி ஆற்றோடு போய்விட்டான். அதற்குப் பிறகு எத்தனையோ பதினெட்டாம் பெருக்கு வந்து போயிற்று. அத்தை மூன்றாவது படிக்குக் கீழே இறங்கினதில்லை. மேல் படியில் நின்றே பூவும் காதோலை கருகமணியும் யார் கையிலாவது கொடுத்து விடச் சொல்வாராம்.

அப்படிப்பட்டவரிடம் ‘குழந்தையை ஏரிக்கு அழைத்துப் போகிறோம்’ என்று எப்படிச் சொல்வது? என் கணவர் சொன்னார். பத்து நிமிஷம் அத்தை பேசவில்லை. பிறகு வேண்டாம் என்று சொல்லவில்லை, கேள்வி கேட்டார்.

“ஓடம் கவிழ்ந்தா என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் ஆகாதும்மா” என்றார் என் கணவர்.

“நான் ஆகுமான்னு கேக்கலைடா. ஆனா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன்.”

அந்த நிமிஷம் நான் குழந்தையின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து, முதல் பக்கத்தில் அந்தக் கேள்வியை எழுதினேன். அதற்குப் பிறகு சமையல் அறையிலே, பூஜை அறையிலே, தொலைக்காட்சித் தொடருக்கு நடுவிலே அத்தை ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு பக்கத்துக்கு ஒரு கேள்வி. பதில் கிடைக்காத பக்கம் ஒன்று இருந்தாலும் போவதில்லை என்பது ஒப்பந்தம்.

எப்போது, எவ்வளவு தூரம்?

காலத்தைப் பற்றிய கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைத்தது. மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை அங்கே கறுப்பு ஈ என்று ஒரு பிராணி உண்டு. உருவம் எள்ளளவு, கடி மிளகாய் அளவு. கொசுவும் கூடச் சேர்ந்துகொள்ளும். மேலும், பனிக்கட்டி உருகிய ஏரித் தண்ணீர் அப்போது கொல்லும் குளிர்ச்சியாக இருக்கும். நல்ல நீச்சல்காரனுக்குக் கூட அதில் விழுந்தால் முதலில் மூச்சுத்தான் திணறும். ஆகஸ்டில் பூச்சி குறைவு, தண்ணீரும் இதமாக இருக்கும். “அப்போ ஆடி மாசம்!” என்றார் அத்தை. அதை அவர் எப்படிச் சொன்னார் என்பதை நான் இங்கே எழுதவில்லை.

தூரத்துக்கு ஒரு விதி வைத்துக்கொண்டோம். எங்கள் இருவரால் எவ்வளவு முடியுமோ அதில் பாதிக்கும் குறைவு. இரண்டே இரவு, இரண்டும் ஒரே இடத்தில். தினம் கூடாரத்தைப் பிரித்து நகர்வது பெரியவர்களுக்குச் சாகஸம், குழந்தைக்குத் தண்டனை.

புறப்படும் இடத்துக்குப் பெயரே கனூ ஏரி. வடக்கே துடுப்புப் போட்டுப் போனால் ஓர் அணை. அதைச் சுற்றிச் சுமார் 300 மீட்டர் சுமை தூக்கி நடந்தால் ஜோ ஏரி. அங்கே முகாம். 300 மீட்டர்தானே என்று நினைக்கக் கூடாது. ஒரு தடவையில் எல்லாவற்றையும் தூக்க முடியாது. போய், திரும்பி வந்து, மறுபடி போக வேண்டும். ஆக, 900 மீட்டர். இந்தக் கணக்கைப் போட்டது எங்கள் பெண்.

கனூ ஏரியைப் பற்றி ஒரு சங்கதியை நான் அத்தையிடம் மறைக்கவில்லை. டாம் தாம்ஸன் என்ற புகழ் பெற்ற ஓவியர், இந்தக் காட்டையே வரைந்து வரைந்து பெயர் வாங்கியவர், 1917 ஜூலையில் தன்னந்தனியாக ஓடம் செலுத்திப் போய் இதே ஏரியில் மாண்டார். அப்போது வயது 39. ஓடம் விடுவதில் தேர்ந்தவர். எப்படி இறந்தார் என்பதில் இன்றும் பல பேச்சு. 1930-ல் நட்ட நினைவுக் கல் ஒன்று கரையில் இருக்கிறது. அத்தை கேட்டுவிட்டு, “தெரிஞ்சவனையே தண்ணி விடலை. தெரியாதவங்க நீங்க இன்னும் கவனமா இருக்கணும்” என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

கவிழ்ந்தால்?

இந்த ஒரு பக்கத்துக்கு விடை எழுத நான்கு மாதம் ஆயிற்று.

முதலாவது, எனக்கு நீச்சல் தெரியாது. பெண் பிள்ளைக்கு எதற்கு என்று வளர்ந்த காலம். 36-வது வயதில் ஊர்ப் பொது நீச்சல் குளத்தில், ஐந்து வயதுப் பொடிசுகளுக்குப் பக்கத்தில் நின்று கற்றுக்கொண்டேன். என் பெண் கரையில் உட்கார்ந்து, “அம்மா, காலை உதை!” என்று அதட்டுவாள். அவள் எனக்கு முன்பே கற்றவள்.

இரண்டாவது, மிதவைச் சட்டை. ஓடத்தில் எத்தனை பேரோ அத்தனை மிதவைச் சட்டை இருக்க வேண்டும் என்பது கனடா தேசத்துச் சட்டம். ஓடத்தில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். குழந்தைக்கு வாங்கும்போது ‘அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்’ என்று ஒரு அளவு பெரிதாக வாங்குகிற நம் சுபாவத்தை இங்கே விட்டுவிட வேண்டும். கொக்கிகளை எல்லாம் மாட்டிவிட்டு, தோள் பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் அது குழந்தையைக் காப்பாற்றாது. குழந்தையை விட்டுவிட்டுத் தான் மட்டும் மிதக்கும்.

மூன்றாவது, கவிழ்ந்தே பார்த்துவிடுவது! ஜூலையில் ஒரு நாள், காவலர்கள் இருக்கும் ஏரிக்கரை ஒன்றில், இடுப்பளவுத் தண்ணீரில் ஓடத்தை வேண்டுமென்றே கவிழ்த்தோம். கற்றுக்கொடுத்தது ஒரே பாடம்: ஓடத்தை விடாதே. கவிழ்ந்தாலும் அது மிதக்கும். கரை பக்கத்தில் தெரிகிறது என்று நீந்தப் போகக் கூடாது. ஓடத்தைப் பிடித்துக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மூன்று தடவை கவிழ்த்தோம். மூன்று தடவையும் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து, “அம்மா! அப்பா! நான் இங்கே!” என்று கத்தினாள். நான்காவது தடவை வேண்டும் என்று அடம் பிடித்தாள்.

மணலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அத்தை, “போதும், உதடு நீலமாயிடுச்சு!” என்று துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். வந்தவர் நேராக முழங்கால் தண்ணீரில் நின்று பேத்திக்குத் தலை துவட்டினார். புடவை நனைந்ததை அவர் கவனிக்கவில்லை. நாங்கள் கவனித்தோம், ஒன்றும் சொல்லவில்லை.

சாப்பாடும் கரடியும்

அல்கொன்குவின் உட்காட்டுக்குள் தகர டப்பாவோ, தூக்கி எறியும் பாட்டிலோ கொண்டு போகக் கூடாது. போனவர்கள் குப்பையைப் போட்டுவிட்டு வந்ததால் வந்த சட்டம். வெள்ளைக்காரக் குடும்பங்களுக்கு இது ஒரு தலைவலி. நமக்கு? நம் பாட்டிமார்கள் டப்பாவையும் பாட்டிலையும் கண்டார்களா? அத்தை ஒரு மத்தியானத்தில் பட்டியல் போட்டுவிட்டார்.

முதல் நாளுக்குப் புளியோதரை. நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் மறுநாள் காலை வரை தாங்கும். பிறகு, கடுகு, மிளகாய், கறிவேப்பிலை தாளித்து வறுத்த ரவை. கொதிக்கும் தண்ணீரில் கொட்டினால் உப்புமா. ஊறினால் போதும் என்கிற அவல். சத்துமாவுக் கஞ்சி. பருப்புப் பொடி. கொறிப்பதற்குக் கடலை உருண்டை, முறுக்கு. எல்லாம் துணிப்பைக்குள்; ஒவ்வொரு வேளைக்கும் தனிப் பொட்டலம், மேலே வேளையின் பெயர். ஒரு நாள் உணவு உபரியாக. அப்பளம் பொரிப்பது மட்டும் கூடாது என்று நான் தடுத்தேன். எண்ணெய் மணம் கரடிக்குத் தாம்பூலம் வைத்து அழைத்த மாதிரி.

“கரடி நிஜமாவே வருமா?” என்றார் அத்தை.

அங்கே இருப்பது கருங்கரடி. மனிதரைத் தேடி வருவதில்லை. மணத்தைத் தேடி வரும். ஆகையால் இரவில் உணவு முழுவதையும் ஒரே பையில் கட்டி, கயிற்றைக் கிளை மேல் எறிந்து, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்திலும் அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியும் தொங்கவிட வேண்டும். பற்பசை, சோப்பு எல்லாம் அதிலேதான். இதைக் கேட்டதும் அத்தை சிரித்துவிட்டார். “அட, உறி! கண்ணனுக்குப் பயந்து யசோதை கட்டினா. நீங்க கரடிக்குப் பயந்து கட்டுறீங்க!”

பேத்திக்கு அன்று முதல் கஸ்டம்ஸ் அதிகாரி வேலை. கூடாரத்துக்குள் நுழைவதற்கு முன் அப்பா, அம்மா இருவருடைய ஜேபிகளையும் அவள் சோதனை போட வேண்டும். குழந்தைக்கு ‘அதைத் தொடாதே, இதைச் செய்யாதே’ என்று சொல்வதைக் காட்டிலும் ஒரு உத்தியோகம் கொடுத்துவிடுவது மேல்.

தண்ணீருக்கும் ஒரு பக்கம் உண்டு. ஏரி நீர் பளிங்கு போல் இருக்கும்; ஆனால் காட்டுப் பிராணிகளால் பரவும் கிருமி அதில் இருக்கலாம். வயிற்றைப் புரட்டி எடுத்துவிடும். ஒரு நிமிஷம் தளதளவென்று கொதிக்க வைத்துவிட்டால் பயமில்லை. பெண் வாசகிகள் வாய் விட்டுக் கேட்கத் தயங்கும் இன்னொரு விஷயம்: ஒவ்வொரு முகாமுக்கும் பின்னால், மரங்களுக்கு நடுவே, மூடியுள்ள ஒரு மரப்பெட்டி இருக்கும். சுவர் கிடையாது, கூரை கிடையாது. மரியாதை எல்லாம் மரங்களுடையது.

இருட்டு, வழி, துணி

ஏரியில் லூன் என்று ஒரு நீர்ப்பறவை. 1987-லிருந்து கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருப்பது அதுதான். அழகான பறவை, ஆனால் நடு ராத்திரியில் அது எழுப்பும் குரலைப் புதிதாகக் கேட்டால், யாரோ பெண் பிள்ளை தலைவிரி கோலமாக அழுகிற மாதிரி இருக்கும். ஆகையால் ஒரு மாதம் முன்பே அந்தக் குரலின் ஒலிப்பதிவை வீட்டில் போட்டுப் பழக்கினோம். கூடாரத்தைக் கொல்லைப்புறத்தில் அடித்து ஓர் இரவு படுத்தோம்.

கழுத்தில் ஒரு விசில். வழி தவறினால் நகரக் கூடாது. ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை ஊத வேண்டும். தேடுகிறவர்கள் நகர வேண்டும், தொலைந்தவர் நகரக் கூடாது என்பது தத்துவம்.

துணி விஷயத்தில் அத்தைக்கும் எனக்கும் சண்டையே வந்தது. குழந்தைக்குப் பருத்திதான் நல்லது என்று அவர் சொல்வது நம் ஊருக்கு வேதவாக்கு. ஆனால் நனைந்த பருத்தி காயாது. உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். அங்கே கம்பளியும் சீக்கிரம் உலரும் செயற்கைத் துணியும்தான். நோட்டில் அத்தை கையெழுத்துப் போட மறுத்த பக்கம் அது ஒன்றுதான்.

கடைசி இரண்டு கேள்விகள்

“திரும்பி வரலைன்னா நான் என்ன செய்யணும்?”

காட்டுக்குள் கைபேசியை நம்ப முடியாது. ஆபத்து நேர்ந்தால் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் சிறு கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். ஆனால் கருவியை விட முக்கியமானது ஒரு காகிதம். எந்த ஏரி, எந்த வழி, ஓடத்தின் நிறம், எத்தனை பேர், பூங்கா அதிகாரிகளின் எண், எல்லாம் எழுதி அத்தையிடம் கொடுத்தோம். அடியில் பெரிய எழுத்தில்: ‘ஞாயிறு மாலை வருவோம். வராவிட்டால் காற்றுக்காகக் காத்திருக்கிறோம் என்று பொருள். திங்கள் மதியம் 12 மணி வரை கவலை வேண்டாம். 12 அடித்ததும் போன் செய்யவும்.’ கவலைக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிட்டால், அதற்கு முன்னால் உள்ள நேரம் நிம்மதிக்குச் சொந்தம்.

கடைசிக் கேள்வி புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு வந்தது. “எல்லாம் சரி. அவளைக் கேட்டீங்களா?”

நாங்கள் விழித்தோம். அத்தையே பேத்தியைக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொண்டு, “கண்ணு, உனக்குப் போகணுமா?” என்றார். அவள் யோசித்தாள். “போகணும் பாட்டி. ஆனா, எனக்குப் பயமாயிருக்குன்னு சொன்னா, ஏன்னு கேக்காம திரும்பிடணும்.”

அதுவும் எழுதப்பட்டது. ஓடத்தில் மூன்று பேர். மூன்று பேருக்கும் திரும்பும் அதிகாரம் உண்டு. அவள் அதை உபயோகிக்கவில்லை. உபயோகிக்கலாம் என்று தெரிந்ததனாலேயே தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

காற்று அடித்த நாள்

பிரயாணத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திட்டம் சரியாக இருந்தால் சொல்வதற்குக் கதை குறைந்துபோகிறது! கரடி வரவில்லை, உறி ஜம்மென்று தொங்கியது. முதல் இரவு லூன் கத்தியதும் எங்கள் பெண், “ஒரு டாலர் கூப்பிடுது” என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகல் திரும்பும் வழியில், கனூ ஏரியின் வடகோடியில் வந்து பார்த்தால் எதிர்க்காற்று. அலைகளின் தலையில் வெள்ளை நுரை. ‘வெள்ளை தெரிந்தால் போவதில்லை’ என்பது நோட்டின் விதி. அந்த நேரத்தில் மனசு செய்யும் வேலையைப் பாருங்கள்: ‘கரை ஓரமாகப் போனால் என்ன? நாளைக்கு வேலைக்குப் போக வேண்டாமா? இதோ மற்றவர்கள் போகிறார்களே!’ ஆனால் விதியை எழுதினது மார்ச் மாதத்துப் புத்தி. அவசரம் இல்லாத புத்தி. நாங்கள் அதற்குக் கட்டுப்பட்டோம். உபரி உணவைப் பிரித்தோம். அவல் சாப்பிட்டோம். ஆறு மணி நேரம் கல்லின் மேல் உட்கார்ந்து பாட்டுக்குப் பாட்டு விளையாடினோம். மாலை ஐந்துக்குக் காற்று விழுந்தது. கரையை ஒட்டியே துடுப்புப் போட்டு வந்து சேர்ந்தோம்.

போன் எடுக்கும் இடம் வந்ததும் வீட்டுக்குக் கூப்பிட்டோம். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டோம். இல்லை. அதுவரை இல்லாத பயம் அப்போது எங்களுக்கு வந்தது. நடு நிசியில் வீட்டைத் திறந்து ஓடினால், அத்தை நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் அந்தக் காகிதம். காலையில் கேட்டதற்கு, “திங்கக்கிழமை பன்னெண்டு மணின்னுதானே எழுதியிருந்தீங்க?” என்றார்.

இதை ஏன் இவ்வளவு விஸ்தாரமாகச் சொன்னேன் தெரியுமா? நீங்கள் கனூவில் போவீர்களோ மாட்டீர்களோ, குழந்தையை முதன் முதலாக எங்கேயாவது அனுப்பத்தான் போகிறீர்கள். பயப்படுகிறவர் ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். ‘ஒன்றும் ஆகாது’ என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். அது ஆறுதலும் இல்லை, பதிலும் இல்லை. ஒரு நோட்டை எடுத்து அவர் கேட்பதை எழுதிக்கொள்ளுங்கள். பயத்தைப் போல் உன்னிப்பாகப் பார்க்கும் கண் வேறு எதற்கும் கிடையாது.

எங்கள் நோட்டில் இன்னும் சில பக்கங்கள் காலி. போன வாரம் அத்தை ஒரு புதுக் கேள்வி கேட்டார். எழுதி வைத்திருக்கிறேன், பதில் யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

“அந்த ஓடத்துல நாலாவது ஆள் உக்கார இடம் இருக்கா?”